ஒரு முழுச் சுற்று

சக்கர நட்டு சுழற்றுகிற ஏர் கன் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு, கையில் எடுத்ததும் எடையைப் பார்ப்பது. அப்புறம் பெட்டியில் எவ்வளவு வேகம், எவ்வளவு விசை என்று அச்சடித்திருப்பதைப் படிப்பது. அதெல்லாம் பெட்டியை விற்பதற்காக எழுதியது. பார்க்க வேண்டியது டிரிகரை. பாதி அழுத்தினால் பாதி வேகத்தில்தான் சுற்ற வேண்டும். கால்வாசி அழுத்தினால் சோம்பல் முறிப்பது போல மெல்லச் சுற்ற வேண்டும். விரலை எடுத்த கணமே நிற்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் கடைக்காரர் காலில் விழுந்தாலும் வாங்கக் கூடாது.

நீங்கள் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சீட்டு ஒட்டி ஸ்டேஷன் மேசையில் வைத்திருப்பது நல்ல சாமான், மேடம். நேற்று என் சாப்பாட்டுப் பையில் நானே கொண்டுவந்து கொடுத்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள், அதைத் தலைகீழாக வைக்க வேண்டாம். உள்ளே எண்ணெய் விட்டிருக்கிறேன். கசிந்தால் உங்கள் காகிதமெல்லாம் பாழாகும்.

இருபத்து மூன்று வருஷமாக எனக்கு ஒரே பட்டறை. ஆறு வண்டி நிற்கலாம். தகரக் கூரை, பின்சுவரோரம் கம்ப்ரசர், மேலேயிருந்து தொங்கும் காற்றுக் குழாய்கள். நுழைந்ததும் வலப்பக்கம் சக்கர வேலை. அங்கே நானும் என் மச்சானும். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் வேலைவெட்டி இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனை, மனைவி அழுத அழுகை தாங்காமல் முதலாளியிடம் சொல்லி நான்தான் சேர்த்துவிட்டேன். நான் அவனை மச்சான் என்று கூப்பிடுவதைக் கேட்டுப் பட்டறையே அவனை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்தது. அப்புறம் வண்டி விட வருகிறவர்கள். அப்புறம் முதலாளி. என் உறவுமுறையை எடுத்து ஊரே பங்கு போட்டுக்கொண்டது.

எனக்குக் கிடைத்த பெயர் கால்சுத்து. எந்த நட்டை இறுக்கினாலும் 'இன்னும் கால் சுத்து' என்று நான் சொல்வேனாம். அந்தப் பெயரை வைத்ததும் மச்சான்தான், விளையாட்டாக. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் விளங்காது. ஒரு சக்கரத்துக்கு ஐந்து நட்டு. கன்னால் பிடித்துவிட்டு, நீளமான டார்க் ஸ்பேனரால் கையாலேயே இறுக்குவோம். அளவு வந்ததும் அது 'டிக்' என்று சத்தம் கொடுக்கும். அதற்கப்புறம் பெயின்ட் பேனாவால் நட்டிலிருந்து ரிம் வரைக்கும் ஒரே கோடாக இழுப்போம். எனக்கு மஞ்சள், மச்சானுக்குச் சிவப்பு. நட்டு துளி அசைந்தாலும் கோடு ஒடிந்து தெரியும். சாவி கொடுக்கும் முன்னால் முதலாளி ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் குனிந்து பார்ப்பார். ஸ்பேனரைத் தொட மாட்டார். கோடு நேராக இருந்தால் சாவி கைமாறும். ஒருவர் கோட்டை இன்னொருவர் தொடக் கூடாது என்பது சட்டம். இந்த வழக்கத்தைப் பதினான்கு வருஷத்துக்கு முன்னால் கொண்டுவந்தவன் நான். இன்று பட்டறையில் ஒருவனுக்கும் அது ஞாபகம் இல்லை.

எங்களிடம் இருந்த பழைய கன் பெரியது. தொட்டதும் முழு வேகம், நடுவில் ஒன்றும் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் கையில் அது ஒரு ஸ்டட்டை, நட்டு மாட்டுகிற போல்ட்டை, முறித்துவிட்டது. ஒரே ஒரு ஸ்டட். முதலாளி வாடிக்கையாளர்கள் முன்னால் கத்தினார்.

"இருவது வருஷமா இதத்தான் புடுங்கிட்டிருந்தியா?"

"டிரிகர் சரியில்லீங்க. தொட்டாலே பிச்சுக்கிட்டு போகுது."

"கன்னு மேல பழி போடாத. வயசாயிட்டா ஆயிட்டுன்னு சொல்லு."

டீ குடித்துக்கொண்டிருந்த நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது.

அப்புறம் என் லீவு நாளில், யாரும் சொல்லாமலே, சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் மேசையில் பொருத்திய வைஸில் ஒரு போல்ட்டை மாட்டிக் கொடுத்தார். ஏழு கன்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். ஒன்று குட்டை, ஆனால் டிரிகர் கல் மாதிரி. இன்னொன்றுக்கு டிரிகர் வெண்ணெய், ஆனால் மூக்கு நீளம், குழிவான ரிம்முக்குள் நேராக உட்காராது. ஏழாவதுதான் இது. உள்ளங்கையில் அடங்கும். விரலால் பேசினால் புரிந்துகொள்ளும். கடைக்காரர் சொன்னார், "அண்ணே, பொண்ணு பாக்கக்கூட யாரும் இவ்வளவு நேரம் எடுத்துக்க மாட்டாங்க." அதன் விவரத்தைக் காகிதத்தில் எழுதி முதலாளியிடம் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஒன்றரை வருஷம் கழித்து அது வந்தது. முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். பெட்டியைப் பிரித்தார். எடுத்து மச்சான் கையில் கொடுத்தார்.

"இனிமே சக்கர வேலைக்கு மச்சான்தான் பொறுப்பு. இது அவன் கையிலயே இருக்கட்டும்." என் பக்கம் திரும்பினார். "உனக்குத்தான் பழசு பழகிருச்சே, கால்சுத்து."

கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மச்சான் நேராக என்னிடம் வந்தான். "மாமா, சத்தியமா நான் கேக்கவே இல்ல மாமா. நீங்களே வச்சுக்குங்க," என்று நீட்டினான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லவன் என்று பெயர் வாங்க அவனுக்கு ஒரு முயற்சியும் தேவையில்லை, மேடம். மூச்சு விட்டாலே போதும். நான் தேடிக் கண்டுபிடித்ததை அவன் எனக்குத் தானம் கொடுக்கிறான். "நீயே வச்சுக்க," என்றேன்.

வீட்டில் அன்று அவனுக்குப் பிடித்ததாகப் பார்த்துப் பார்த்துச் சமையல். "தம்பிக்கு நல்லது நடந்திருக்கு. நீங்க ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள் என் மனைவி. மணிக்கட்டு வலிக்கிறது என்றேன். அதுவும் பொய் இல்லை.

அடுத்த வாரம் அதே கடைக்குப் போய், அதே கன்னை எனக்கென்று வாங்கினேன். மணிக்கட்டுக்காகத்தான். அப்படித்தான் நினைத்து வாங்கினேன். சாப்பாட்டுப் பையில் டிபன் அடுக்குக்குக் கீழே படுக்க வைத்தால் வெளியே தெரியாது. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும், பின்பக்கம் கிடந்த பழைய அச்சில் ஐந்து நட்டு மாட்டிப் பழகினேன். புது டிரிகர், விரல் பழக வேண்டாமா.

அப்படிப் பழகும்போதுதான் ஒன்று தோன்றியது. ஒரு நட்டைச் சரியாக ஒரு முழுச் சுற்றுப் பின்னால் எடுத்தால், நட்டு மேல் இருக்கிற கோடு ரிம் மேல் இருக்கிற கோட்டோடு மறுபடியும் போய்ச் சேர்ந்துகொள்ளும். நட்டு தளர்ந்திருக்கும், கோடு நேராக இருக்கும். பதினான்கு வருஷமாக அந்தக் கோட்டைப் போடுகிறேன், அன்றைக்குத்தான் எனக்கு அது உறைத்தது. யாராக இருந்தாலும் செய்து பார்க்கத்தான் செய்வார்கள். முதல் நாள் எல்லாம் ஒன்றரைச் சுற்றுக்கு ஓடியது. இரண்டாவது வாரம் ஐந்து நட்டையும் பதினொரு நொடியில் முடித்தேன். ஐந்து கோடும் அடிக்கோல் வைத்துப் போட்டது மாதிரி இருந்தன. பார்க்க ஆள் இல்லையே என்று இருந்தது.

கையாலேயே தளர்த்தியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். இறுகிய நட்டைக் கையால் அவிழ்த்தால் 'கிரீச்' என்று ஒரு சத்தம் வரும். பட்டறையில் எந்த மூலையில் இருப்பவனும் அதற்குத் திரும்புவான். கன் சத்தத்துக்கு ஒருவனும் திரும்ப மாட்டான். காலையிலிருந்து சாயந்திரம் வரை அதுதானே சத்தம்.

முதலில் துணிக்கடைக்காரர் வண்டி. மச்சான் இறுக்கிச் சிவப்புக் கோடு போட்ட பின்சக்கரம். மறுநாளே அவர் திரும்பி வந்தார், பின்னால் கடகடவென்று சத்தம் என்று. எனக்கு வேண்டியதும் அதுதான். அவன் நாலு பேர் முன்னால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஸ்பேனர் வைத்துப் பார்த்தார்கள், ஐந்து நட்டும் தளர்ந்திருந்தது. மச்சான் முகம் வெளுத்துவிட்டது. நெஞ்சில் கை வைத்து, "என் தப்புதாங்க. மன்னிச்சிடுங்க," என்றான். தான் இறுக்கியது அவனுக்கு ஞாபகம் இருந்திருக்கும். 'டிக்' சத்தம்கூட ஞாபகம் இருந்திருக்கும். ஆனாலும் ஒத்துக்கொண்டான்.

துணிக்கடைக்காரர் அவன் தோளில் தட்டினார். "பரவால்ல விடுங்க மச்சான். தப்புன்னு ஒத்துக்கற மனசு யாருக்கு வரும்?"

முதலாளி, அதே முதலாளி, அதே வாயால் சொன்னார்: "மனுஷன்தானே. இனிமே பாத்துக்க."

எனக்கு ஒரு ஸ்டட் முறிந்தால் இருபது வருஷம் என்ன புடுங்கினாய். அவனுக்கு ஒரு சக்கரமே கழலப் பார்த்தால் மனுஷன்தானே. அன்று வந்த கோபத்தில் டப்பாவோடு நட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் போகலாமா என்று இருந்தது. போகவில்லை. உட்கார்ந்து யோசித்தேன். ஊருக்குள் மெல்லப் போகிற வண்டியில் முதலில் சத்தம் வரும், ஓட்டுகிறவர் திரும்பி வந்துவிடுவார். சத்தத்தால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்துகொண்டேன்.

அதற்கு மூன்று வாரம் கழித்து நர்ஸம்மா வந்தார்.

அவருடைய பச்சை வண்டியை ஒன்பது வருஷமாக நான்தான் பார்த்தேன். என் மணிக்கட்டுக்கு மருந்து சொன்னவர். என் மனைவிக்கு உடம்பு முடியாதபோது வீடு தேடி வந்து ஊசி போட்டுவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போனவர். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார், கால்சுத்து என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அன்றுவரைக்கும் சொன்னதில்லை.

வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். நான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இன்னிக்கு மச்சானே பாக்கட்டும். பொண்ணுக்குப் பிரசவத் தேதி நெருங்கிருச்சு, மத்தியானத்துக்குள்ள கெளம்பணும். நாலு மணி நேரப் பயணம், பெரிய ரோட்டுல போகணும். நீங்க உக்காந்தா கால் சுத்து கால் சுத்துன்னே சாயந்திரம் பண்ணிடுவீங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை, எனக்கே தெரியும். பட்டறை மொத்தமும் சிரித்தது. மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. "எங்க மாமா கைக்கு முன்னால நான்லாம் எம்மாத்திரம்மா," என்றான். அது இன்னும் மோசமாக இருந்தது.

மச்சான் நான்கு சக்கரத்தையும் இடம் மாற்றிப் போட்டான். நன்றாகத்தான் இறுக்கினான். இருபது 'டிக்' சத்தத்தையும் நான் எண்ணினேன். இருபது சிவப்புக் கோடு. கை கழுவப் போனான். முதலாளி போனில் இருந்தார். நான் சாப்பாட்டுப் பையை எடுத்தேன்.

முன்பக்க வலது சக்கரம். ஏன் முன்சக்கரம் என்று கேட்டீர்கள். குழாய் அதுவரைக்கும்தான் எட்டியது என்று நேற்று சொன்னேன். இன்று காலையில் ஆள் அனுப்பிக் குழாயை அளந்துவிட்டீர்களாம். நான்கு சக்கரத்துக்கும் நீளம் போதும் என்கிறீர்கள். சரி, போதும்தான். எழுதிக்கொள்ளுங்கள். பின்சக்கரம் கழன்றால் வண்டி இழுத்துக்கொண்டு போய் நிற்கப் பார்க்கும். முன்சக்கரம் அப்படி இல்லை.

பதினொரு நொடி. முதலாளி வந்து குனிந்து நான்கு சக்கரத்தையும் பார்த்தார். கோடு நேராக இருந்தது. சாவியைக் கொடுத்தார்.

இதற்குமேல் நடந்ததை நேற்று நான் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை. நர்ஸம்மா சாவியை வாங்கிக்கொண்டு நேரே வண்டிக்குப் போகவில்லை. என்னிடம் வந்தார்.

"அண்ணே, மச்சான் வேலை நல்லாத்தான் இருக்கும். இருந்தாலும் தூரமா போறேன். நீங்க ஒருவாட்டி பாத்துட்டீங்கன்னா எனக்கு மனசு நிம்மதியா இருக்கும். ஒன்பது வருஷப் பழக்கம், என்ன பண்றது."

ஸ்பேனர் என் காலடியில்தான் கிடந்தது. ஐந்து நட்டை இறுக்க அரை நிமிஷம் போதும். மச்சான் கண் முன்னாலேயே இறுக்கியிருந்தால், அவன் தளர்வாக விட்டதை நான் கண்டுபிடித்தேன் என்று பெயரும் எனக்கே வந்திருக்கும். அதுவும் அப்போதே எனக்குத் தோன்றியது. மறைக்கவில்லை. ஆனால் காலையில் கேட்டிருக்க வேண்டியதை எல்லோரும் சிரித்து முடித்த பிறகு வந்து கேட்கிறார் என்று இருந்தது. தனியாக, யார் காதிலும் விழாமல் கேட்கிறார். சிரித்தபோது மட்டும் எல்லோர் காதிலும் விழுந்தது.

நான் போய் வலது முன்சக்கரத்தருகே குனிந்தேன். ஐந்து கோட்டையும் விரலால் தொட்டுப் பார்த்தேன்.

"எல்லாம் நேரா இருக்கும்மா. தைரியமா போயிட்டு வாங்க."

"இது போதும்ணே," என்றார். வண்டி வெளியே திரும்பும்போது கண்ணாடியை இறக்கிக் கையசைத்தார். நானும் அசைத்தேன்.

நாற்பது நிமிஷத்தில் பெரிய சாலையில் சக்கரம் கழன்றது. நடுச்சுவரில் மோதி வண்டி உருண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். மகளுக்கு மூன்றாம் நாள் குழந்தை பிறந்தது, பெண் குழந்தை. அம்மா போனதை அவளிடம் சொல்லாமலே பெற வைத்தார்களாம்.

மச்சானை அன்று சாயந்திரமே கூட்டிவந்துவிட்டீர்கள். அவன் உங்களிடம் என்ன சொன்னான் என்று என் மனைவி சொல்லி அழுதாள். "நான்தான் சரியா இறுக்காம விட்டிருப்பேன். எங்க மாமா சொன்ன மாதிரி இன்னும் கால் சுத்து பாத்திருந்தா அந்தம்மா இருந்திருப்பாங்க." இப்படித்தானே சொன்னான். எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டான். ஆறு நாளாகச் சாப்பிடவில்லையாம். முதலாளி அவனுக்கு வக்கீல் வைத்திருக்கிறார். பட்டறைக்காரர்கள் முறை வைத்து வந்து வாசலில் நிற்கிறார்கள். துணிக்கடைக்காரர்கூட வந்து போனார். பாவம் மச்சான், பாவம் மச்சான் என்று ஊரே உருகுகிறது. கொன்றான் என்று கேஸ் போட்ட பிறகும் அவன்தான் நல்லவன்.

என் மனைவி என் காலைப் பிடித்துக்கொண்டு, "எப்படியாவது அவன வெளிய கொண்டு வாங்க," என்றாள். நேற்று நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது அதற்காகத்தான் போகிறேன் என்று நினைத்து, வாசல் வரை வந்து கும்பிட்டாள். நீங்களும் நேற்று தண்ணீர் கொடுத்துவிட்டு, மனசாட்சி உறுத்தித்தானே வந்தீர்கள் என்று கேட்டீர்கள். அன்பாகக் கேட்டீர்கள், அதனால் அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

நான் எதற்காக வந்தேன் என்றால், பேப்பரில் உங்கள் அறிக்கையைப் படித்தேன். 'நட்டுகள் முறையாக இறுக்கப்படவில்லை. ஊழியரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்.' மூன்று தடவை படித்தேன். மூன்றாம் தடவை படிக்கும்போது எனக்கு முதலாளி மேல் வந்த கோபத்தைவிட உங்கள் மேல் அதிகமாக வந்தது. வண்டியைப் பிரித்துப் பார்த்தவர்கள், படித்தவர்கள், கண்ணாடி போட்டவர்கள், உங்களுக்குமா தெரியவில்லை. மச்சான் அவசரக்காரன். அவன் விரலுக்கு முழுச் சுற்றில் நிற்கத் தெரியாது, ஒன்றரைக்கு ஓடிவிடுவான். ஐந்து நட்டு, ஐந்தும் ஒரே அளவு, ஒரு கோடுகூடப் பிசகவில்லை, முதலாளி மூக்கு உரசுகிற தூரத்தில் குனிந்து பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை. அதைப் போய் அவன் பெயரில் எழுதியிருக்கிறீர்கள்.

என் பெயரை எழுதுங்கள். தண்டனை என்ன என்று நான் கேட்கப் போவதில்லை. அந்தக் கவனக்குறைவு என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள், மேடம். என் வாழ்நாளில் இவ்வளவு கவனமாக நான் வேறு எதையும் செய்ததில்லை.